அறுக்கப்பட்ட ஒரு துப்பாக்கி



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்த மாணவன் ஒருவன் இப்போது கனடாவில், டொரொண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு துப்பாக்கியின் படத்தை அனுப்பியிருந்தான். பயந்துவிட்டேன். "சார், என்னுது இல்ல, பயப்படாதீங்க" என்று அடுத்த செய்தி வந்தது. அவனோடு வேலை பார்க்கும் வடக்கு ஒண்டாரியோக்காரர் ஒருவரின் அப்பா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன பொருள்களில் இந்த வேட்டைத் துப்பாக்கியும் ஒன்று. பக்கவாட்டில் 'லாங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கிறது. மகனிடம் துப்பாக்கி உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் வாரிசு என்பதற்காக மட்டும் அங்கே வைத்துக்கொள்ள முடியாது. கடைக்காரரிடம் காட்டினாராம். "பட்டாளத்து ரைஃபிள், உங்கப்பா அறுத்துக் கெடுத்துட்டார். முழுசா இருந்திருந்தா நல்ல விலை போகும், இது போகாது" என்று சொல்லிவிட்டாராம். காவல் துறையிடம் ஒப்படைத்தால் அழித்துவிடுவார்கள். "சார், இது வரலாற்றுப் பொருளா, கெட்டுப்போன பொருளா? நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டான்.

எனக்கு வேட்டையில் விருப்பம் கிடையாது. துப்பாக்கி அனுபவம் என்றால் பள்ளி என்.சி.சி.யில் அணிவகுப்புக்குத் தூக்கிய 'த்ரீ நாட் த்ரீ' மட்டும்தான். சுட முடியாதபடி குழலில் ஓட்டை போட்ட துப்பாக்கி அது. கிட்டத்தட்ட நாலு கிலோ எடை. தோள்பட்டை சிவந்துவிடும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் தூக்கியதன் தம்பிதான் இது. லீ-என்ஃபீல்டு, நம்பர் 4.

முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். லாங் பிராஞ்ச் என்பது டொரொண்டோவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கனடா அரசு 1940-ல் 'ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட்' என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி, அதன் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலை கட்டியது. அந்த இடம் இன்று மிசிசாகாவுக்குள் இருக்கிறது. என் மாணவன் குடியிருக்கும் அதே ஊர்! ஒன்பது லட்சம் அளவுக்கு ரைஃபிள்கள் அங்கே செய்யப்பட்டன. வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள் போருக்குப் போய்விட, பெண்கள் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு கட்டடம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. இப்போது அது கலை மையம். "நான் அந்த வழியா பஸ்ல போயிருக்கேன் சார், இது தெரியவே தெரியாது" என்றான்.

லீ என்ற பெயருக்கும் கனடாவோடு தொடர்பு உண்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஒண்டாரியோவுக்கு வந்தவர். துப்பாக்கியின் அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வில், அதன்மேல் அடுக்கிய தோட்டாக்கள் என்ற ஏற்பாட்டுக்கு 1879-ல் காப்புரிமை வாங்கினார். என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே அரசு ஆயுதச் சாலை இருந்த ஊர். இரண்டும் சேர்ந்து 1895-ல் லீ-என்ஃபீல்டு ஆனது. நம் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இதே குடும்பத்துத் துப்பாக்கிகளைத்தான் பல பத்தாண்டுகள் செய்தார்கள்.

போர் 1945-ல் முடிந்தது. உலகம் முழுக்கக் கிடங்குகளில் லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் தேங்கின. ராணுவங்கள் புது மாதிரிகளுக்கு மாறத் தொடங்கியதும் பழையவற்றை எண்ணிக்கூடப் பார்க்காமல் விற்றார்கள். அமெரிக்காவில் சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-ல் 'இன்டர்ஆர்ம்கோ' என்ற நிறுவனம் தொடங்கி, நாடு நாடாகப் போய்ப் பழைய ஆயுதங்களைக் கப்பல் கப்பலாக வாங்கி வந்தார். கனடாவிலும் லீ-என்ஃபீல்டுகள் கடைகளிலும் தபால் விற்பனையிலும் மலிவாகக் கிடைத்தன. புதிய வேட்டைத் துப்பாக்கி அதைப்போல் பல மடங்கு விலை. மரம் வெட்டும் முகாமிலும் சுரங்கத்திலும் கூலிக்கு உழைத்தவருக்கு வேறு வழி இல்லை. மலிவானதை வாங்கினார். வாங்கியதைத் தனக்கு ஏற்றபடி அறுத்தார்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்டரைஸ்' என்று பெயர். இதைத் தொடங்கி வைத்தவர்கள் ஏழைகள் இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ராணுவ ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள் ஒன்றைத் தன் கைக்கு ஏற்ப மாற்றிச் செய்யச் சொல்லி, 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு நியூயார்க் தச்சர் சீமோர் கிரிஃபின் தானும் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அழகான வால்நட் கட்டை செதுக்கினார். 1923-ல் ஜேம்ஸ் ஹோவோடு சேர்ந்து கடையே வைத்துவிட்டார். எழுத்தாளர் ஹெமிங்வே அந்தக் கடையில் செய்த துப்பாக்கியைத்தான் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். பணக்காரர் செய்தால் அது கலைப்பொருள். 1950-களில் கொட்டகையில் உட்கார்ந்து ஆக்ஸா பிளேடால் ஒருவர் செய்தால் அது 'கெடுத்தது'. கடைக்காரரின் பேச்சு எனக்கு உறுத்தியது இதனால்தான்.

சரி, அந்த அப்பா என்னதான் செய்தார்? இன்னும் சில படங்கள் அனுப்பச் சொல்லி, பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பட்டாளத்து நம்பர் 4-ல் கட்டை கிட்டத்தட்ட குழலின் நுனிவரைக்கும் போகும். குழலின் மேல்பக்கமும் மரம் மூடியிருக்கும். சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தோட்டா சுட வேண்டியவர். குழல் கொதிக்கும், கை வெந்துவிடும். அதற்காகத்தான் மேல்மரம். வேட்டைக்காரர் ஒரு நாளைக்குச் சுடுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கை வேகப்போவதில்லை. ஆகவே மேல்மரத்தைக் கழற்றிவிட்டார். முன்மரத்தைப் பாதியில் அறுத்து, முனையை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறார். எழுபது வருடம் ஆன பிறகும் அந்த முனை வழுவழுவென்று இருப்பது படத்திலேயே தெரிகிறது.

அடுத்து குழல். ராணுவத்தில் அது 25 அங்குலம். நுனியில் முனைக்கத்தியைப் பூட்டுவதற்கு மொட்டு மொட்டாகப் புடைப்புகள் இருக்கும். மூஸ் என்கிற அந்த ராட்சத மானைக் கத்தியால் குத்தப்போகிறவர் யாரும் இல்லை. அடர்ந்த காட்டில் நீளக் குழல் கிளைகளில் மாட்டும். மூன்று நான்கு அங்குலத்தை அறுத்துவிட்டார். அறுக்கும்போது முன்குறியும் போய்விடும் அல்லவா? அதைத் திரும்பப் பற்றவைத்திருக்கிறார். பற்று கொஞ்சம் கோணல். இதில் மட்டும் அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

அடிப்பெட்டி பத்துத் தோட்டா கொள்ளும். துப்பாக்கியை நடுவில் பிடித்துத் தொங்கவிட்டு நடந்தால் அது கையில் இடிக்கும். அதை எடுத்துவிட்டு ஐந்து தோட்டாப் பெட்டி போட்டிருக்கிறார். இதற்கென்றே தனியாக விற்றார்கள். அடிக்கட்டையின் முனையில் இருந்த உலோகத் தகடு போய், ரப்பர் வந்திருக்கிறது. கட்டையும் அரை அங்குலம் குறைந்திருக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் குளிரில் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு தோளில் வைத்தால் கட்டை நீளமாகத் தெரியும். அதனால் கோட்டின் கனத்தை அளந்து அறுத்திருக்கிறார்! ராணுவம்கூட இதற்கு நான்கு நீளங்களில் கட்டை வைத்திருந்தது. ஆனால் கோட்டுக்கு அளவெடுத்தவர் இவர்தான்.

டெலஸ்கோப் மாட்டவில்லை. நம்பர் 4-ல் கண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு துளை வழியாகப் பார்க்கும் குறி இருக்கிறது. வேட்டைக்கு அதுவே போதும். டெலஸ்கோப் வேண்டுமென்றால் கடினப்படுத்திய இரும்பில் துளையிட்டு மரை போட வேண்டும். வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. ஜெர்மானிய மௌசரை வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். அதன் சில மாதிரிகளில் போல்ட் கைப்பிடி நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தூக்கினால் டெலஸ்கோப்பில் முட்டும். காய்ச்சி வளைக்க வேண்டும். சூடு தப்பான இடத்துக்குப் பரவினால் இரும்பின் பதம் போய்விடும், பிறகு அதைச் சுடுவது ஆபத்து. லீ-என்ஃபீல்டின் கைப்பிடி பிறவியிலேயே கீழ்நோக்கி வளைந்தது.

அறுத்ததில் ஒரு நஷ்டமும் உண்டு. நம்பர் 4-ன் முன்மரம் குழலின் நுனியைக் கீழிருந்து லேசாக மேல்நோக்கித் தாங்கும்படி பொருத்தப்பட்டது. குழல் அதிரும் விதத்தை அந்தத் தாங்கல்தான் ஒழுங்குபடுத்தியது. மரத்தை அறுத்தால் அது போய்விடும், குறி மாறும். பட்டறையில் கொடுத்து மரத்தையும் இரும்பையும் மறுபடி படியவைத்தவர்கள் உண்டு. நம்மவர் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. நூறு அடியில் நிற்கும் மூஸுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டியதும் இல்லை.

துப்பாக்கியை விடுங்கள், தோட்டாவையே மாற்ற வேண்டியிருந்தது. இந்த இடத்தில் கதை நம் நாட்டுக்கு வருகிறது.

ராணுவத் தோட்டாவின் ஈயம் முழுவதும் கெட்டி உலோக உறையால் மூடியிருக்கும். உடம்பில் பட்டால் ஊசி மாதிரி உருவிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். 1895-ல் சித்ரால் படையெடுப்பில் தங்கள் புதிய 303 தோட்டா பட்டும் எதிரிகள் ஓடி வருகிறார்கள் என்று ஆங்கிலேயர் குறைப்பட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் தோட்டா நுனியின் உறையைத் திறந்து ஈயத்தை வெளியே தெரியவிட்டார். பட்டதும் அது பூ மாதிரி விரியும், காயம் கோரமாகும். உலகமே கூச்சலிட்டது. 1899-ல் ஹேக் மாநாட்டில், விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தார்கள். பிரிட்டன் முதலில் சேர மறுத்து, 1907-ல்தான் ஏற்றது. 'டம்டம்' என்ற பெயர் மட்டும் எல்லா மொழி அகராதியிலும் ஏறிவிட்டது.

வேட்டையில் இது தலைகீழ். உருவிப் போகும் தோட்டா பட்ட மிருகம் சாகாது. மைல்கணக்கில் ஓடி, எங்கோ புதரில் நாள்கணக்கில் துடித்துச் சாகும். விரியும் தோட்டா உடனே சாய்த்துவிடும். அதனால் கனடாவின் பல மாகாணங்களில் பெரிய விலங்குகளை விரியாத தோட்டாவால் சுடக் கூடாது என்பதே சட்டம். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது, மிருகத்துக்குக் கருணை என்று கட்டாயமாகிவிட்டது. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சிலிருந்து "அப்போ எது சார் சரி?" என்று ஒரு குரல் வந்திருக்கும். எனக்கும் பதில் தெரியாமல் சாக்பீஸைத் தேடியிருப்பேன்.

நம் நாட்டில் இந்தக் கதை வேறு மாதிரி போனது. ராணுவத் தோட்டா வெளியே போனால் அது யார் கைக்குப் போகுமோ என்று ஆங்கில அரசுக்குப் பயம். ராணுவம் பயன்படுத்தும் அளவுகளைத் தனியார் வைத்திருக்கத் தடை போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது நீடித்தது. இஷாப்பூரில் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், ஆனால் 303 தோட்டா உள்ளே போகாதபடி, பாயிண்ட் 315 என்ற அளவில் பொதுமக்களுக்கு ரைஃபிள் செய்தார்கள். கனடாக்காரர் நீளத்தை அறுத்தார், நம் அரசு துளையை மாற்றியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் ஊரில் அந்த வேட்டைக் கதையும் அநேகமாக முடிந்தது.

அமெரிக்காவில் மலிவுத் துப்பாக்கிக்கு முடிவு வந்த விதம் வேறு. 1958-ல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர், வெளிநாட்டு ராணுவங்கள் கழித்த துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் மாநிலத்தில் துப்பாக்கித் தொழிற்சாலைகள் அதிகம். மலிவுச் சரக்கு வந்து வியாபாரம் படுத்துவிட்டது. மசோதா அப்படியே நிறைவேறவில்லை. 1963 மார்ச்சில் சிகாகோவில் உள்ள ஒரு கடைக்கு, பொய்ப் பெயரில் ஒரு தபால் ஆர்டர் வந்தது. 1940-ல் டெர்னி என்ற ஊரில் செய்த இத்தாலிய ராணுவ ரைஃபிள், கார்கானோ. வெறும் துப்பாக்கி 12.78 டாலர். வேட்டைக்கு ஏற்ப ஜப்பானிய டெலஸ்கோப் மாட்டியது 19.95 டாலர், தபால் செலவு தனி. வாங்கியவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த வருடம் நவம்பர் 22-ல் டல்லஸில் அதே துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தவர், 1958-ல் மசோதா கொண்டுவந்த அதே செனட்டர். ஜான் கென்னடி.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடம் கென்னடி கொலையைத் தேதியாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த மசோதா விஷயம் எனக்கே தெரியாது.

பிறகு மார்ட்டின் லூதர் கிங்கும், கென்னடியின் தம்பி ராபர்ட்டும் கொல்லப்பட்ட 1968-ல், மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதும் ராணுவக் கழிவுத் துப்பாக்கி இறக்குமதியும் சட்டத்தால் நின்றன. இறக்குமதித் தடை 1984-ல் பழம்பொருள் சேகரிப்போருக்காகத் தளர்ந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது. அறுத்தவை போக முழுசாக மிஞ்சியவை குறைந்துபோய், அவற்றின் விலை ஏறியது. ஒருகாலத்தில் விறகுபோல் குவிந்து கிடந்ததை இன்று கையுறை போட்டுத் தொடுகிறார்கள். அறுத்தவருக்குக் கேலிப் பெயர் வைக்கிறார்கள்.

நானும் முதலில் கடைக்காரர் கட்சிதான். வரலாற்று ஆசிரியன் அல்லவா? கோயில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தத் துப்பாக்கி அங்கே செய்த ஒன்பது லட்சம் போலவே முழுசாக இருந்திருந்தால், அதைப் பார்த்து நான் எதைத் தெரிந்துகொண்டிருப்பேன்? ஆண்டும் ஊரும். அவ்வளவுதான். அவர் உயரம் என்ன, கோட்டு எவ்வளவு தடிமன், டெலஸ்கோப் வாங்கப் பணம் இருந்ததா, பற்றவைப்பில் கை எப்படி என்பதெல்லாம் அவர் அறுத்ததால்தான் தெரிகிறது. அபூர்வமான மாதிரியாக இருந்து யாராவது அறுத்திருந்தால் நானும் திட்டுவேன். இது அப்படி இல்லை. கனடாவின் வடக்கே ரேஞ்சர்கள் என்ற காவல் படையினர் 1947 முதல் இதே நம்பர் 4-ஐ அறுக்காமலே வைத்துக்கொண்டு, 2018-ல் புதுத் துப்பாக்கி வரத் தொடங்கும்வரை பயன்படுத்தினார்கள். முழுசானவை பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கிடைக்கும்.

மாணவனுக்கு இப்படி எழுதினேன்: "தம்பி, அவர்ட்ட சொல்லு. விலைக்கு இது ஒண்ணும் இல்லைங்கிறது உண்மையா இருக்கலாம். அறுத்த குழல் திரும்ப நீளாது. புது மரம் வாங்கிப் போட்டு மறைக்கிற வேலையும் வேண்டாம். ஆனா அழிக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா எந்த வருஷம் வாங்கினார், எங்க வச்சு அறுத்தார், முதல் மூஸ் எப்போன்னு தெரிஞ்சதை ஒரு தாள்ல எழுதச் சொல்லு. சட்டப்படி செயலிழக்கச் செஞ்சு வச்சுக்கவும் வழி இருக்கு. முடிவு அவரோடது."

நேற்று பதில் வந்தது. அப்பா 1956-ல் வாங்கினாராம். அந்தக் குளிர்காலத்தில் முகாமில் வேலை இல்லை. அடுப்படி மேஜையில் வைத்து அறுத்தாராம். அம்மா மரத்தூளுக்காகச் சண்டை போட்டாராம். குழலை அறுத்த துண்டை அப்பா தூக்கிப்போடவில்லை. கதவுக்கு மேல் ஆணியில் சட்டை மாட்டும் கொம்பாக அடித்து வைத்திருந்தார், இன்னமும் அந்த வீட்டில் இருக்கிறதாம். மகன் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். உரிமம் வரும்வரை அது உரிமம் உள்ள அவருடைய மாமா வீட்டில் பூட்டி இருக்கும்.

கோணலாக இருக்கும் அந்த முன்குறியை மட்டும் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.